மோட்டார் கொட்டாய்ச் சுவர்

காவாந்தண்டலத்தில் எங்கள் கிணற்று மோட்டாரைப் பற்றி அப்பா ஒருநாளும் "ரிப்பேர்" என்று சொன்னதில்லை. "அதுக்கு ஒரு கொணம் இருக்குது. அத தெரிஞ்சி நடந்துக்கணும்" என்பார். அது தாத்தா காலத்து ஐந்து ஹெச்.பி. மோட்டார். ஃபுட்வால்வு லேசாக ஒழுகும். அதனால் ராத்திரி முழுக்க நிறுத்தி வைத்திருந்தால் காலையில் தண்ணீர் பிடிக்காது. மேலே மூடியைக் கழற்றி ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதுவும் போதாத நாட்களில் சாணியைக் கரைத்து ஊற்ற வேண்டும். மழைக்காலத்தில் ஸ்டார்ட்டரின் பச்சை பட்டனை ஒருமுறை அழுத்தினால் விட்டுவிடும், இரண்டாவது முறை பிடித்துக்கொள்ளும். மூன்று பேஸில் ஒன்று வராத நாளில் பட்டன் பக்கமே போகக் கூடாது.

இதெல்லாம் அப்பாவின் தலையில் மட்டும் இருக்கவில்லை. மோட்டார் கொட்டாய்ச் சுவரிலும் இருந்தது. தாத்தா கரிக்கட்டையால் எழுதியது, அதன் மேல் அப்பா சாக்பீஸாலும் பெயின்டாலும் எழுதியது. 'காயில் கட்டியது 12.3.94.' 'கன்டென்சர் மாத்தினது, பழசு வீங்கிடிச்சி.' 'ரெண்டு பேஸ் = போடாதே.' இந்தக் கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு. சில வரிகள் ஏன் எழுதப்பட்டன என்று யாருக்குமே தெரியாது. 'இடது ஃபியூஸ் - மெல்லிசு கம்பி மட்டும்' என்று ஒன்று. ஏன் இடது மட்டும்? தாத்தாவைத்தான் கேட்க வேண்டும், தாத்தா இல்லை.

2016 பொங்கலுக்கு வீட்டோடு சேர்த்துக் கொட்டாய்க்கும் சுண்ணாம்பு அடித்தேன். சுவர் அசிங்கமாக இருக்கிறதே என்று யாரும் கேட்காமலேயே செய்த வேலை. அப்பா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மாசி மாதம் அப்பாவைக் காஞ்சிபுரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பத்து நாள். நவரைப் பயிர் தண்ணீருக்கு நின்றது. ஆறாம் நாள் நான் இடது ஃபியூஸில் கைக்குக் கிடைத்த தடிமனான கம்பியைச் சுற்றிவிட்டேன். அன்றைக்கு ராத்திரி ஒரு பேஸ் போனது. ஃபியூஸ் எரிந்து மோட்டாரைக் காப்பாற்றியிருக்க வேண்டும், எரியவில்லை. காயில் கருகிய வாசனை வரப்பு வரைக்கும் வந்தது. ஸ்டார்ட்டரில் இருந்த ரிலே பல வருஷமாகவே வேலை செய்யவில்லை, அதற்குப் பதிலாகத்தான் தாத்தா அந்த மெல்லிசு கம்பியைப் போட்டிருந்தார் என்பது, காயில் கட்ட வந்தவர் பிரித்துப் பார்த்துச் சொன்ன பிறகுதான் புரிந்தது.

கம்ப்யூட்டரின் வரலாற்றைப் பற்றி எழுத உட்கார்ந்து ஏன் மோட்டாரிலிருந்து தொடங்குகிறேன் என்று கேட்பீர்கள். 2020 ஊரடங்கில் வேலையோடு ஊருக்குத் திரும்பியிருந்தபோது, லினக்ஸ் கெர்னலின் மூலநிரலைப் படிக்க ஆரம்பித்தேன். அதில் ஒரு கோப்பைத் திறந்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தச் சுவர்தான்.

*

கெர்னல் என்பது இயங்குதளத்தின் அடித்தளம். உங்கள் கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு போனின் அடியில் ஓடுவதும் லினக்ஸ் கெர்னல்தான். திரை, கீபோர்டு, வைஃபை, பென்டிரைவ் என்று ஒவ்வொரு வன்பொருளோடும் பேசுவதற்கு அதற்குள் டிரைவர் என்ற தனித்தனி நிரல்கள் உண்டு. வன்பொருள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று தரநிலை ஆவணங்கள் இருக்கின்றன. டிரைவர் எழுதுபவர் அதைப் படித்துத்தான் எழுதுகிறார். ஆனால் தொழிற்சாலையிலிருந்து வரும் பொருள் எப்போதும் ஆவணத்தைப் படித்துவிட்டு வருவதில்லை.

நான் திறந்த கோப்பின் பெயர் 'குவிர்க்ஸ்'. அகராதியில் 'விசித்திரப் போக்கு' என்று போட்டிருக்கும். அப்பாவின் 'கொணம்' அதைவிடப் பொருத்தம். மதர்போர்டில் செருகும் அட்டைகளும் சிப்புகளும் பேசிக்கொள்ளும் பிசிஐ என்ற பாதையில், எந்தெந்தப் பொருள் எப்படியெல்லாம் ஒழுங்கு மீறுகிறது, அதற்கு என்ன செய்ய வேண்டும் என்ற பட்டியல் அது. தலைப்பில் 1999 என்ற வருடமும் மார்ட்டின் மாரெஷ் என்ற செக் நாட்டுக்காரரின் பெயரும் இருக்கின்றன. இன்று அது ஆறாயிரம் வரிகளைத் தாண்டிவிட்டது. இந்த சிப் தூங்கப்போனால் எழுந்திருக்காது, தூங்கவிடாதே. இது தன்னிடம் இல்லாத வசதியை இருப்பதாகச் சொல்லும், நம்பாதே. இதை ரீசெட் செய்தால் கொஞ்சம் பொறுத்துக் கேள். ஏறக்குறைய எல்லா வரியும் இந்த மாதிரிதான்.

எந்தப் பொருளுக்கு எந்த வரி என்று கெர்னலுக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு பிசிஐ பொருளும் தன்னை இரண்டு எண்களால் அறிமுகப்படுத்திக்கொள்ளும். ஒன்று தயாரித்தவரின் எண், இன்னொன்று பொருளின் எண். இன்டெல்லின் எண் 8086, தன் பழைய சிப்பின் பெயரையே வாங்கிவைத்துக்கொண்டது. மடிக்கணினி என்றால் அதன் பயாஸில் கம்பெனி பெயர், மாடல் பெயர், பயாஸ் தேதி எல்லாம் எழுதப்பட்டிருக்கும். கெர்னல் இவற்றைப் படித்துப் பட்டியலோடு ஒப்பிட்டு, பொருந்தினால் மட்டும் விதியை மீறுகிறது.

*

எங்கள் மாவட்டத்தோடு தொடர்புள்ள ஒரு பெயர் இன்னொரு பட்டியலில் கிடைத்தது. யுஎஸ்பி வழியாகச் செருகும் சேமிப்புக் கருவிகளுக்கான பட்டியல் அது. அதன் பெயரையே 'வழக்கமல்லாத கருவிகள்' என்று மொழிபெயர்க்கலாம். 2000-ல் ஆடம் ரிக்டர் தொடங்கிவைத்து மேத்யூ டார்ம் வளர்த்தது. அதில் வரிசையாக நோக்கியா, நோக்கியா, நோக்கியா.

2006-லிருந்து 2014 நவம்பர் வரை ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை ஓடியது. சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் கம்பெனி பஸ் ஏறிப் போனார்கள். விடிகாலை ஷிஃப்டுக்கு ரோட்டோரம் கழுத்தில் அடையாள அட்டையோடு நிற்கும் பெண்கள்தான் எங்கள் தலைமுறையின் 'நோக்கியா'. அந்தப் பெயரை ஹெல்சிங்கியோடு சேர்த்து யோசிக்கவே எனக்கு வெகுநாள் பிடித்தது.

பட்டியலில் அந்த போன்கள் ஏன் இருக்கின்றன? போனை கம்ப்யூட்டரில் செருகினால் பென்டிரைவ் போலத் தெரியும் அல்லவா, அப்போது கம்ப்யூட்டர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று: "உன்னிடம் உள்ள கடைசிக் கட்டத்தின் எண் என்ன?" கட்டங்கள் பூஜ்யத்திலிருந்து எண்ணப்படுகின்றன. நூறு கட்டம் இருந்தால் கடைசிக் கட்டத்தின் எண் 99. ஆனால் சில கருவிகள் கேள்வியைத் தப்பாகப் புரிந்துகொண்டு, "மொத்தம் எத்தனை?" என்று கேட்டதாக நினைத்து 100 என்று சொல்லும். கம்ப்யூட்டர் நம்பிக்கையோடு நூறாம் எண் கட்டத்தைப் படிக்கப்போகும். அப்படி ஒன்று இல்லவே இல்லை. சில கருவிகள் 'பிழை' என்று பதில் சொல்லும், சில அப்படியே உறைந்துவிடும். ஆப்பிளின் ஐபாடுக்கும் இதே கோணல், அதற்கும் பட்டியலில் வரி உண்டு. பணக்கார வீட்டுப் பிள்ளை, ஏழை வீட்டுப் பிள்ளை என்ற பேதமில்லை.

தீர்வு எளிது: ஒன்றைக் கழித்துக்கொள். அப்படியானால் எல்லாக் கருவிக்கும் ஒன்றைக் கழித்துவிடலாமே? முடியாது. உண்மையைச் சொல்லும் கருவியிடம் ஒன்றைக் கழித்தால் அதன் கடைசிக் கட்டம் காணாமல் போகும், அதிலிருக்கும் தகவலும் போகும். பொய் சொல்பவனுக்காக எல்லோரையும் சந்தேகிக்க முடியாது. ஆகவே பெயர் குறித்து, மாடல் எண் குறித்து, எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்பு வரை என்று எல்லை குறித்து எழுதியாக வேண்டும். அடுத்த பதிப்பில் கம்பெனி திருத்தியிருக்கலாம் இல்லையா?

இந்தக் கோப்பின் தொடக்கத்தில் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. புதிய வரி சேர்ப்பவர், வரிக்கு மேலே தன் மின்னஞ்சலையும், முடிந்தால் ஏன் சேர்க்கிறோம் என்ற காரணத்தையும் எழுத வேண்டும். ஆகவே ஒவ்வொரு கோணலுக்கும் மேலே ஒரு பெயர். யாரோ ஒருவர் தன் போனைச் செருகி, அது உறைந்து, கோபப்பட்டு, ராத்திரி உட்கார்ந்து காரணம் கண்டுபிடித்து, எழுதி அனுப்பியிருக்கிறார். போனைச் செய்தவர் எழுதவில்லை. போனால் அவஸ்தைப்பட்டவர் எழுதியிருக்கிறார்.

*

இது எப்போதும் இப்படி இருந்ததா? செய்தவர் எப்போது பொறுப்பிலிருந்து நழுவினார்? 1994-க்கும் 1997-க்கும் நடுவில் நடந்த ஒன்றில் இதற்குப் பாதி விடை இருக்கிறது.

1994-ல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர் இரட்டைப் பகா எண்களின் தலைகீழ்களைக் கூட்டிக்கொண்டிருந்தார். விடை தப்பாக வந்தது. தன் நிரலில் தேடினார், மதர்போர்டில் தேடினார், கடைசியில் இன்டெல்லின் பென்டியம் சிப்பே வகுத்தலில் தப்புகிறது என்று கண்டார். வகுப்பதற்கு சிப்புக்குள் ஒரு அட்டவணை இருந்தது, அதில் ஐந்து இடங்கள் நிரப்பப்படாமல் விட்டுப்போயிருந்தன. இன்டெல் முதலில், சாதாரண ஆட்களுக்கு இது பாதிப்பில்லை என்றது. ஊர் சிரித்தது. டிசம்பரில், கேட்டவருக்கெல்லாம் சிப்பை மாற்றித் தருவதாக ஒப்புக்கொண்டது. அதற்கு ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர்.

1997 நவம்பரில் அதே பென்டியம் குடும்பத்தில் இன்னொரு பிழை. ஒரு குறிப்பிட்ட கட்டளையை யார் கொடுத்தாலும், எந்த உரிமையும் இல்லாத சாதாரண நிரல் கொடுத்தாலும், முழு இயந்திரமும் நின்றுவிடும். இந்த முறை யாரும் சிப்பை மாற்றித் தரவில்லை. இயங்குதளங்கள் ஒரு தந்திரம் செய்தன. அந்தக் கட்டளை வரும்போது சிப் பார்க்கும் அட்டவணையை எழுத முடியாத பக்கத்தில் வைத்துவிட்டால், சிப் நிற்பதற்கு முன் வேறொரு பிழை எழும், கெர்னல் அதைப் பிடித்துக்கொள்ளும். லினக்ஸில் சில நாட்களிலேயே இது வந்துவிட்டது. பிழை சிப்பிலேயே இருந்தது, மருந்து கெர்னலில் வந்தது.

இரண்டும் ஒரே மாதிரிப் பிழைகள் அல்ல. முதலாவதை மென்பொருளால் மறைப்பது கடினம், இரண்டாவதை எளிதாக மறைக்கலாம். ஆனாலும் மறைக்க முடிந்தால் மாற்றித் தர வேண்டியதில்லை என்ற பாடம் அன்றைக்குப் படிக்கப்பட்டுவிட்டது என்று நினைக்கிறேன். 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற ஓட்டைகள் வெளியானபோது அந்தப் பாடம் மனப்பாடமாகியிருந்தது. பெரும்பாலான இயந்திரங்களில் சிப் அப்படியே இருந்தது, கெர்னல் தன் நினைவக அமைப்பையே பிரித்துக் கட்டிக்கொண்டது. அதற்கு விலையாகச் சில வேலைகள் மெதுவாயின. அந்த விலையைக் கொடுத்தது கம்ப்யூட்டர் வைத்திருக்கும் நாம்.

லினக்ஸ் ஓடும் கம்ப்யூட்டர் இருந்தால், 'ப்ராக்' என்ற அடைவுக்குள் 'சிபியுஇன்ஃபோ' என்ற கோப்பைத் திறந்து பாருங்கள். 'பக்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். உங்கள் சிப்பின் குற்றப்பட்டியல் அது. கம்பெனி ஒட்டிய ஸ்டிக்கரில் அது இருக்காது.

இதைவிட விநோதம் ஒன்று. மடிக்கணினிகளின் பயாஸ், தன் மேல் ஓடும் இயங்குதளம் எது என்று கேட்கும் வசதி ஒன்று உண்டு. "நீ விண்டோஸா?" என்று கேட்டால் லினக்ஸ் "ஆமாம்" என்கிறது. "நீ லினக்ஸா?" என்று கேட்டால் "இல்லை" என்கிறது. ஒரு காலத்தில் உண்மையைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கம்பெனிகள் விண்டோஸில் மட்டும் சோதித்துப் பார்த்துவிட்டு விற்பதால், 'லினக்ஸ்' என்ற பதிலுக்கான பாதையில் யாரும் நடந்து பார்த்திருக்கவில்லை. உண்மை சொன்னால் குழியில் விழ வேண்டியிருந்தது. பொய் சொல்லும் வன்பொருளோடு குடித்தனம் நடத்தி, கடைசியில் கெர்னலும் பொய் சொல்லப் பழகிவிட்டது.

*

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் உத்திரமேரூர். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வைகுண்டப்பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப்போய்க் குடவோலைக் கல்வெட்டைக் காட்டினார்கள். ஜனநாயகம் அப்போதே இருந்தது என்று கைதட்டிவிட்டு வந்தோம். கெர்னல் பட்டியல்களைப் படித்த பிறகு அதன் விவரங்களை மறுபடி படித்தேன். முன்பு கண்ணில் படாத ஒன்று பட்டது. அங்கே இருப்பது ஒரு கல்வெட்டு அல்ல, இரண்டு. முதல் பராந்தகனின் 12-ம் ஆட்சியாண்டில், 919-ல் ஒன்று. 14-ம் ஆட்சியாண்டில், 921-ல் ஒன்று. இரண்டே வருடத்தில் விதியைத் திருத்தியிருக்கிறார்கள். வாரியத்தில் இருப்பவரின் வயது முதலில் 30-க்கு மேல் 60-க்குள் என்று இருந்தது, பிறகு 35-க்கு மேல் 70-க்குள் என்று ஆனது. கணக்குக் காட்டாமல் போனவர் நிற்கக் கூடாது. அதோடு விடவில்லை, அவருடைய தாயின் சகோதரிகளின் மக்கள், அத்தை மக்கள், மாமன், மைத்துனன் என்று உறவுகளையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லித் தடுக்கிறது இரண்டாவது கல்வெட்டு.

உட்கார்ந்து யோசித்து எழுதும் எவரும் இப்படி ஒரு பட்டியலை எழுத மாட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. கணக்குக் காட்டாதவருக்குப் பதிலாக அவர் மைத்துனன் வந்து நின்றிருக்க வேண்டும், அடுத்த முறை அத்தை மகன் வந்திருக்க வேண்டும். இது என் ஊகம்தான். ஆனால் விதிவிலக்குகளின் பட்டியல் எதுவாக இருந்தாலும், அதில் ஒரு வரி நீளும்போது யாரோ அதற்கு முன் ஏமாந்திருக்கிறார்கள்.

*

பட்டியல் நீண்டுகொண்டே போனால் என்ன ஆகும்? கெர்னல்காரர்களும் சுத்தம் செய்கிறார்கள். 2012 டிசம்பரில் 386 சிப்புக்கான ஆதரவையே எடுத்துவிட்டார்கள். லினக்ஸ் பிறந்ததே 386-ல்தான், பிறந்த வீட்டை இடித்த மாதிரி. அந்தச் சிப்புக்கு ஒரு குணம் இருந்தது: எழுதக் கூடாது என்று பூட்டிய பக்கத்திலும் கெர்னல் எழுதினால் தடுக்காது. ஆகவே எழுதும் முன் ஒவ்வொரு முறையும் கெர்னலே சரிபார்க்க வேண்டும். இப்படிப்பட்ட விதிவிலக்குகளை இருபது வருடம் தூக்கிச் சுமந்துவிட்டு இறக்கிவைத்தார்கள்.

ஆனால் அவர்கள் சுத்தம் செய்வதற்கும் நான் சுண்ணாம்பு அடித்ததற்கும் வித்தியாசம் இருக்கிறது. 2005 ஏப்ரல் முதல் கெர்னலின் ஒவ்வொரு மாற்றமும் கிட் என்ற ஏட்டில் பதிவாகிறது. எந்த வரியைச் சுட்டினாலும் யார், எப்போது, எதற்காக எழுதினார் என்று சொல்லும். நீக்கிய வரிக்கும் நீக்கிய காரணம் இருக்கும். 'இடது ஃபியூஸ் - மெல்லிசு கம்பி மட்டும்' என்ற வரிக்கு அப்படி ஒரு காரணம் எழுதப்பட்டிருந்தால், நான் சுண்ணாம்பே அடித்திருந்தாலும் காயில் கருகியிருக்காது.

*

இரண்டு வருடத்துக்கு முன் அக்கா மகளுக்காக ஒரு மலிவான டேப்லெட் வாங்கினேன். கீபோர்டைக் கழற்றி மாட்டும் வகை. கம்பெனி பெயர் வேண்டாம். லினக்ஸ் போட்டதும் திரை கண்ணாடி பார்க்க ஆரம்பித்தது. பாப்பா இடது பக்கம் கோடு போட்டால் வலது பக்கம் விழுகிறது. "மாமா, இது ஏன் எனக்கு எதிர்மாதிரியே பண்ணுது?"

கெர்னலில் இதற்கும் ஒரு கோப்பு இருந்தது. ஹான்ஸ் டி கூட என்ற டச்சுக்காரர் 2017-ல் தொடங்கியது. மலிவான டேப்லெட்டுகள் தங்கள் தொடுதிரையின் அளவையோ, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதையோ பயாஸில் ஒழுங்காகச் சொல்வதில்லை. ஆகவே ஒவ்வொரு மாடலுக்கும் கையால் எழுதிவைத்திருக்கிறார்கள்: இதற்கு அகலம் இவ்வளவு, உயரம் இவ்வளவு, இதை இடவலம் புரட்டு, இதைத் தலைகீழாக்கு. பெரிய கடையில் யாரும் கண்டுகொள்ளாத மாடல்கள் எல்லாம் அங்கே மரியாதையாக வரிசையில் நிற்கின்றன.

எங்கள் டேப்லெட் அங்கே இல்லை. சரி, நானே எழுதுகிறேன் என்று அதன் பெயரைக் கேட்டேன். கம்பெனி பெயர் என்ற இடத்தில் 'தயாரிப்பாளர் நிரப்ப வேண்டியது' என்று ஆங்கிலத்தில் இருந்தது. மாடல் என்ற இடத்திலும் அதுவே. பயாஸ் செய்தவர் விட்டுவைத்த காலியிடத்தை டேப்லெட் செய்தவர் நிரப்பவே இல்லை. பெயர் இல்லாத பொருளுக்கு எப்படி விதிவிலக்கு எழுதுவது? இதே பெயரில்லாப் பெயரோடு இன்னும் எத்தனையோ பொருட்கள் உலவுகின்றன. நான் எழுதும் வரி அவற்றின் திரையையும் புரட்டிவிடும்.

கோப்பில் மேலும் கீழும் தேடினேன். எனக்கு முன்பே பலர் அந்த முட்டுச்சந்தில் நின்றிருக்கிறார்கள். பெயர் பொதுவாக இருக்கிறது, ஆகவே பயாஸின் பதிப்பையோ தேதியையோ சேர்த்துப் பொருத்துகிறேன் என்று குறிப்பு எழுதியிருக்கிறார்கள். பெயர் வைக்காத குழந்தையைப் பிறந்த தேதியை வைத்து அடையாளம் சொல்வது போல. நானும் அப்படியே எழுதினேன். மொத்தம் பதினைந்து, இருபது வரி. கெர்னலை மறுபடி கட்டி ஏற்றியதும் பாப்பா போட்ட கோடு போட்ட இடத்திலேயே விழுந்தது. அவள் அதை ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

அனுப்புவதற்குத்தான் கை வரவில்லை. பேட்ச்சின் அடியில் பெயரும் மின்னஞ்சலும் போட்டு, இதை எழுதியது நான், இதை அனுப்பும் உரிமை எனக்கு உண்டு என்று கையெழுத்துப் போட வேண்டும். 2004-லிருந்து அதுதான் வழக்கம். காவாந்தண்டலத்தில் உட்கார்ந்து எழுதிய இருபது வரியை உலகமெல்லாம் பார்க்குமே என்று ஒரு கூச்சம். யாருக்குத் தேவைப்படும் என்று ஒரு சாக்கு. பிறகு யோசித்தேன். இந்த மாதிரி மலிவான பொருளை வாங்குபவர்கள் நாம்தான். கம்பெனி திருத்தாது, அதற்கு அடுத்த மாடல் வந்துவிட்டது. தூரத்தில் இருக்கும் கெர்னல்காரரிடம் இந்த டேப்லெட் இல்லை, அவரால் எழுத முடியாது. கையில் பொருளும் கண்ணெதிரே கோணலும் இருப்பவர் எழுதாவிட்டால் அந்த வரி எழுதப்படாது. அடுத்த ஊரில் இன்னொரு பிள்ளை, தான்தான் தப்பாகத் தொடுகிறோம் என்று நினைத்துக்கொள்ளும்.

போன வாரம் அனுப்பிவிட்டேன். ஒரு இடத்தில் வரிசை தப்பு, காரணத்தை இன்னும் தெளிவாக எழுது என்று பதில் வந்திருக்கிறது. திருத்திக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு டப்பா கருப்பு பெயின்டோடு மோட்டார் கொட்டாய்க்குப் போனேன். இப்போது கிணற்றில் இருப்பது வேறு மோட்டார், அதற்கு வேறு குணம். அப்பா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, சுண்ணாம்புச் சுவரில் எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் "ஏன்?" என்று கேட்டு அதையும் பக்கத்தில் எழுதினேன். நாலு வரி முடிந்ததும் அப்பா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"எல்லாம் சரி. தேதி போடல பாரு."